ஜோக்கைப் பாதியில் பறிக்கும் ஆட்டம்: எல்லை ஊர் மேடையில் நடத்துவது எப்படி

ஒருவர் ஜோக் சொல்லிக்கொண்டிருக்கிறார். முடிவு வாயில் வருவதற்கு அரை நொடி முன்னால் எதிரணிக்காரர் பஸ்ஸரை அமுக்கி, அந்த முடிவைத் தானே சொல்லிவிடுகிறார். கைதட்டல் அவருக்கு. இத்தனை நேரம் கதையை இழுத்து வந்தவருக்கு வெறும் மைக்.

‘ஜோக்கர்ஸ் வைல்ட்’ என்ற பிரிட்டிஷ் டிவி நிகழ்ச்சியின் உயிர் இந்த ஒரு விதியில்தான் இருந்தது. யார்க்‌ஷயர் டெலிவிஷன் தயாரித்து, ஐடிவியில் 1969 முதல் 1974 வரை வந்தது. நடுவில் பாரி க்ரையர், இரண்டு பக்கமும் மூன்று மூன்று நகைச்சுவைக் கலைஞர்கள். அட்டையில் ஒரு தலைப்பு வரும், அதில் ஒரு ஜோக் சொல்ல வேண்டும். எதிரணி குறுக்கே புகுந்து முடிக்கலாம். மதிப்பெண் நடுவர் கையில். செட், பரிசு, திரைக்கதை என்று பெரிய செலவு எதுவும் கேட்காத ஆட்டம்.

பாலக்காடு மாவட்டத்தில் தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், மீனாட்சிபுரம், கோவிந்தாபுரம் பக்கத்து மேடைகளுக்கு இது ஏன் பொருந்துகிறது என்றால், இங்கே கூட்டம் எல்லா ஜோக்கையும் கேட்டுவிட்டது. தமிழ் சேனல் காமெடியும் தெரியும், மலையாள மிமிக்ரியும் தெரியும். ஓணத்துக்கோ பொங்கலுக்கோ மேடையேறி ஒருவர் வாயைத் திறந்தால், மூன்றாவது வரிசையில் ஒருவர் முடிவைச் சொல்லிவிடுவார். சாதாரண நிகழ்ச்சியில் அது தொல்லை. இந்த ஆட்டத்தில் அதுதான் மூலதனம். புது ஜோக் தேடி அலைய வேண்டாம். பழைய ஜோக் இருந்தால்தான் பஸ்ஸர் வேலை செய்யும். யாருக்கும் தெரியாத ஜோக்கை யார் பறிப்பது?

முதலில் நடுவர்

பலர் ஆறு பேரைப் பிடித்துவிட்டு, மிஞ்சிய ஆளை நடுவராக்குகிறார்கள். நிகழ்ச்சி சறுக்குவது அங்கேதான். பாரி க்ரையர் வெறும் தொகுப்பாளர் இல்லை, மற்ற கலைஞர்களுக்கு ஜோக் எழுதிக்கொடுத்துப் பழகிய எழுத்தாளர். ஜோக் எங்கே போகிறது என்பது சொல்பவருக்கு எவ்வளவு தெரியுமோ அவ்வளவு நடுவருக்கும் தெரிய வேண்டும். தெரியாவிட்டால், பறித்தவர் சொன்னது சரியான முடிவா, வேறு முடிவா, உளறலா என்று பிரிக்க முடியாது.

பட்டிமன்ற நடுவராக இருந்தவர் இதற்கு நல்ல ஆள் என்று தோன்றும். பாதிதான் உண்மை. பட்டிமன்ற நடுவர் ஒவ்வொரு பேச்சுக்குப் பின்னும் இரண்டு நிமிடம் எடுத்துக்கொண்டு தானும் ஒரு கதை சொல்வார். இங்கே நடுவருக்கு ஓர் அட்டைக்கு 20 நொடி. தலைப்பைப் படிக்க வேண்டும், மதிப்பெண் சொல்ல வேண்டும், ஒரு வரி கிண்டல் அடிக்க வேண்டும், அடுத்த அட்டை. இந்தச் சுருக்கம் கைவராதவர் எவ்வளவு பெரிய பேச்சாளரானாலும் வேண்டாம். தமிழும் மலையாளமும் இரண்டும் காதில் விழுந்தவுடன் புரிகிற ஆளாகப் பாருங்கள். பள்ளி ஆசிரியர்களில் இப்படிப்பட்டவர்கள் கிடைப்பார்கள். ‘மாஷே’ என்று கூப்பிட்டாலும் ‘வாத்தியாரே’ என்று கூப்பிட்டாலும் திரும்புகிறவர் உத்தமம்.

ஆறு பேர்

அந்த ஆங்கில நிகழ்ச்சியில் ஆர்தர் ஆஸ்கி, டெட் ரே போன்ற பழம்பெரும் ஆட்களும், லெஸ் டாசன் போல அப்போதுதான் மேலே வந்துகொண்டிருந்தவர்களும் ஒரே மேசையில் உட்கார்ந்தார்கள். ஆஸ்கி 1900இல் பிறந்தவர், டாசன் 1931இல் பிறந்தவர். ஒரு தலைமுறை இடைவெளி. அதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். ஓர் அணியில் ஒரு மூத்தவர் (ஜோக் களஞ்சியம்), ஒரு மிமிக்ரிக்காரர் (குரலும் முகமும்), ஒரு கேட்பவர். மூன்றாமவரைத்தான் எல்லாரும் மறக்கிறார்கள். அவர் குறைவாகப் பேசுவார், ஆனால் எதிரணி சொல்வதை முழுக் கவனத்தோடு கேட்பார். பஸ்ஸரில் பாதிக்கு மேல் அவர் கைதான் விழும்.

மிமிக்ரிக்காரரிடம் ஒரு சிக்கல் உண்டு. கேரளத்தில் மிமிக்ரி, மேடைத் துணுக்கு நாடகமாக வளர்ந்த கலை. கொச்சி கலாபவன் என்ற கலைக்குழு தொடங்கியதும் இதே 1969இல்தான், அதன் ‘மிமிக்ஸ் பரேட்’ மேடை நிகழ்ச்சி வந்தது 1981இல். அந்தப் பழக்கத்தில் வந்தவருக்கு ஒரு காட்சியை விரிக்க 5 நிமிடம் வேண்டும். இங்கே கிடைப்பது 60 நொடி. ஒத்திகையில் கடிகாரம் வைத்துச் சொல்ல வையுங்கள். நடிகர் குரலை ஜோக்கின் ஒரு பாத்திரத்துக்கு மட்டும் கொடுக்கச் சொல்லுங்கள். இரண்டு பாத்திரத்துக்கும் குரல் மாற்றினால் நேரம் போய்விடும், எதிரணிக்கு யோசிக்க அவகாசமும் கிடைத்துவிடும்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் செய்யாதீர்கள்: தமிழ் அணி, மலையாள அணி என்று பிரிப்பது. சுவரொட்டியில் பார்க்க நன்றாக இருக்கும். பத்தாவது நிமிடத்தில் கூட்டமும் இரண்டாகப் பிரிந்துவிடும், நடுவர் போடும் ஒவ்வொரு மதிப்பெண்ணும் சந்தேகத்துக்கு ஆளாகும். கொங்குப் படையை விரட்டியதைக் கொண்டாட ‘கொங்கன்படை’ என்றே ஒரு திருவிழா நடத்துகிற பாலக்காட்டுச் சித்தூர் பக்கத்தில் இரண்டாவதாக ஒரு படை தேவையில்லை. ஒவ்வொரு அணியிலும் இரண்டு மொழிக்காரரும் இருக்கட்டும்.

அட்டைகள்

40 அட்டை எழுதுங்கள், 24 மட்டும் வெளியே வரும். அளவு அரைத்தாள், கெட்டிச் சார்ட். தலைப்பு தமிழிலும் மலையாள எழுத்திலும் இருக்க வேண்டும். மலையாள மீடியத்தில் படித்த தமிழ்ப் பிள்ளைகள் பலருக்குத் தமிழ் பேச வரும், வாசிக்க வராது. நடுவர் அட்டையைக் கூட்டத்துக்குக் காட்டிவிட்டு உரக்க வாசிக்க வேண்டும்.

தலைப்பில் ஓர் ஆளும், அவருக்கு எதிரே நிற்கும் இன்னோர் ஆளும் ஒளிந்திருக்க வேண்டும். ‘டாக்டர்’ என்றால் நோயாளி வந்துவிடுவார். ‘கண்டக்டர்’ என்றால் சில்லறை இல்லாத பயணி. ‘லாட்டரி’ என்றால் சீட்டு விற்பவர், வாங்குபவர், கடன் கொடுத்தவர் என்று மூன்று பேர். ‘செக்போஸ்ட்’, ‘பெண் பார்க்கும் படலம்’, ‘ரேஷன் கடை’, ‘யானைப் பாகன்’, ‘சத்யை’ (கேரள இலை விருந்து), ‘பிடிஏ மீட்டிங்’ எல்லாம் ஓடும். ‘மழை’, ‘அன்பு’, ‘காலம்’ ஓடாது, அவை கட்டுரைத் தலைப்பு. ‘குடையை பஸ்ஸில் மறந்தவர்’ என்பதும் ஓடாது, அது ஜோக்கையே பாதி சொல்லிவிடுகிறது. சோதனை எளிது: அட்டை எழுதுகிறவருக்கு அந்தத் தலைப்பில் உடனடியாக மூன்று ஜோக் நினைவுக்கு வர வேண்டும். ஒன்றுதான் வருகிறது என்றால் கிழித்துப் போடுங்கள்.

‘கள்ளுஷாப்’ தலைப்பில் ஒரே ஓர் அட்டை போதும். சித்தூர் தாலுக்காவில் அதற்கு ஆறு பேரிடமும் ஆளுக்கு இருபது ஜோக் இருக்கும், ஒன்றை எடுத்தால் மற்றது தொடரும், நிறுத்த முடியாது. இரண்டாம் பாதியின் தொடக்கத்தில் வையுங்கள்.

மாமியார் ஜோக் லெஸ் டாசனுக்குப் பெரிய பெயர் வாங்கிக்கொடுத்தது. நம் ஊரிலும் அது இன்னும் ஓடுகிறது, ஆனால் முன்வரிசையில் பாதிப் பேர் மாமியார்கள் என்பதை நினைவில் வையுங்கள். சொல்பவர் தன் முட்டாள்தனத்தை வெளிப்படுத்துகிற மாதிரி முடித்தால் அவர்களும் சிரிப்பார்கள். சாதி, மதம், உடல் ஊனம், திக்குவாய், நிறம், அங்கே உட்கார்ந்திருக்கும் உள்ளூர்க்காரர் பெயர், இவற்றைத் தொட்டால் அணிக்கு 5 மதிப்பெண் வெட்டு என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பஞ்சாயத்துத் தேர்தல் நெருங்குகிற மாதங்களில் வார்டு உறுப்பினர் ஜோக்கையும் இந்தப் பட்டியலில் சேருங்கள்.

பேச்சாளர்களுக்குத் தலைப்பை முன்கூட்டியே கொடுக்கலாமா? கொடுக்கலாம். ஒரு வாரம் முன்னால் 60 தலைப்புகள் கொண்ட பட்டியலைக் கொடுத்துவிட்டு, அதிலிருந்து 40ஐ அட்டையாக எழுதுங்கள். எது வரும், யாருக்கு வரும் என்பது அவர்களுக்குத் தெரியாது. இது ஏமாற்று இல்லை. நினைவைத் தூசி தட்ட நேரம் கொடுக்காவிட்டால், ஆறு பேரும் அன்று காலை வாட்ஸ்அப்பில் வந்ததையே சொல்வார்கள். பஸ்ஸரை மட்டும் பேசி வைக்கக் கூடாது. ‘நீ அடி, நான் விட்டுக்கொடுக்கிறேன்’ என்று ஏற்பாடு செய்தால் சொல்பவரின் முகமே காட்டிக்கொடுத்துவிடும். பறிகொடுத்த முகம் நிஜமாக இருந்தால்தான் கூட்டம் சிரிக்கும்.

எப்போது அடிப்பது

இதுதான் பயிற்சியில் பாதி நேரத்தைக் கேட்கிற இடம். எல்லாருக்கும் தெரிந்த ஒன்றை எடுத்துக்கொள்வோம்.

“டாக்டர், எனக்கு மறதி ரொம்ப ஆயிப்போச்சுங்.”
“எப்ப இருந்து?”
“எது எப்ப இருந்துங்?”

‘மறதி’ என்ற சொல் காதில் விழுந்ததுமே அடித்தால் அவசரம். மறதி ஜோக் பத்து இருக்கிறது, இது எது என்று அடித்தவருக்கே தெரியாது. ‘எப்ப இருந்து?’ என்ற டாக்டரின் கேள்வி முடிந்து, நோயாளியின் பதில் தொடங்கும் முன் சொல்பவர் ஒரு மூச்சு எடுப்பார். அந்த மூச்சுதான் இடம். அதற்கு அப்புறம் அடித்தால் ‘எது’ வெளியே வந்துவிட்டது, கூட்டம் சிரிக்க ஆரம்பித்துவிட்டது, பறிக்க ஒன்றுமில்லை.

ஆனால் முதல் வரி முடிந்தவுடனேயே கெட்டிக்காரர் ஒருவர் அடித்து, வேறொரு பழைய முடிவை ஒட்டிவிடலாம்: “அப்படீன்னா முதல்ல ஃபீஸைக் குடுத்துருங்க.” சிரிப்பு வந்தது என்றால் மதிப்பெண் அவருக்கு. இப்போது முதலாமவரின் ஜோக் செத்ததா? இல்லை. அவருடைய டாக்டர் இன்னும் கேள்வியே கேட்கவில்லை. “நான் போன டாக்டர் அத்தனை வெவரமில்லீங், அவர் ‘எப்ப இருந்து’ன்னு கேட்டுப்போட்டார்” என்று கதையை மீட்டு, தன் முடிவுக்குப் போகலாம். ஒரே தொடக்கத்திலிருந்து இரண்டு சிரிப்பு. இந்த ஆட்டத்தில் இதைவிட நல்ல கட்டம் கிடையாது. நடுவர் இந்த மீட்புக்கு எப்போதும் 15 நொடி கொடுக்க வேண்டும்.

சொல்பவருக்கும் தற்காப்பு உண்டு. மூச்சு எடுக்கும் இடத்தை மாற்றுவது முதல் வழி: கேள்வியையும் பதிலையும் ஒரே மூச்சில் ஓட்டிவிட்டு, கேள்விக்கு முன்னால் நின்றுகொள்வது. இரண்டாவது, தெரிந்த ஜோக்கைப் போலத் தொடங்கி வேறு வழியில் முடிப்பது. எதிரணி அடித்துப் பழைய முடிவைச் சொல்லும், கூட்டமும் சிரிக்கும். இவர் அமைதியாக ‘என்னோட கதையில அந்த ஆள் அப்படிச் சொல்லலீங்களே’ என்று புது முடிவை வைப்பார். இதை ஒரு நிகழ்ச்சியில் ஒருவர் ஒரு தடவைதான் செய்யலாம். இரண்டாவது தடவை எதிரணி ஏமாறாது.

பயிற்சிக்கு ஒருவர் ஜோக்கை நிதானமாக வாசிக்கட்டும். மற்றவர்கள் மேசையில் தட்டட்டும். தட்டிய இடத்தில் தாளில் கோடு போடுங்கள். 20 ஜோக் முடிந்ததும் பார்த்தால், சிலர் எப்போதும் ஒரு சொல் முன்னால், சிலர் எப்போதும் ஒரு சொல் பின்னால் இருப்பார்கள். முந்துகிறவரை ‘சொல்பவரின் வாயைப் பார், சொல்லைக் கேட்காதே’ என்று திருத்துங்கள். பிந்துகிறவர் கையை மடியிலிருந்து எடுத்துப் பொத்தான் மேலேயே வைத்தால் பாதி சரியாகிவிடும்.

இரண்டு மொழிக் கூட்டம்

இங்கே இரண்டு மொழியிலும் இருக்கிற, ஆனால் பொருள் மாறுகிற சொற்கள் ஒரு கைநிறையக் கிடைக்கும். வெள்ளம், பனி, மதி, சம்சாரம், களி, முறி. தமிழருக்குக் களி தின்பது, மலையாளிக்கு ஆடுவது. ஒருவருக்குச் சம்சாரம் வீட்டில் இருக்கிறார், இன்னொருவருக்கு அது வெறும் பேச்சு. எல்லையில் பிறந்த ஜோக்குகள் பெரும்பாலும் இவற்றின் மேல்தான் நிற்கின்றன.

பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து போன ஒருவரிடம் பாலக்காட்டு டாக்டர் கேட்கிறார்: “பனி உண்டோ?” இவர் சொல்கிறார்: “வெடியால கொஞ்சம் இருந்துச்சுங் டாக்டர், வெயில் வந்ததும் போயிருச்சுங்.”

கொழிஞ்சாம்பாறையில் இது அப்படியே பாயும், அங்கே எல்லாருக்கும் பனி என்றால் காய்ச்சலும்தான். அதே ஜோக்கைக் கோபாலபுரம் தாண்டித் தமிழ்நாட்டுப் பக்க மேடையில் சொன்னால் பாதிப் பேர் விழிப்பார்கள். அதற்காக, ‘பனின்னா மலையாளத்துல காய்ச்சல்ங்க’ என்று முடிவுக்குப் பின்னால் விளக்கினால் ஜோக் கருகிவிடும். விளக்கம் முன்னால் போக வேண்டும், விளக்கம் என்று தெரியாமல் போக வேண்டும். டாக்டர் பாத்திரம் ‘பனி உண்டோ’ என்று கேட்கும்போது புறங்கையை நெற்றியில் வைத்துக் காட்டட்டும். ஒரே அசைவு, பொருள் போய்ச் சேர்ந்துவிடும். ‘மதி’க்கும் அப்படித்தான். சத்யையில் பரிமாறுகிறவர் “சோறு மதியோ?” (போதுமா?) என்று கேட்கும்போது கரண்டியை மேலே தூக்கிப் பிடித்திருக்க வேண்டும். “ஆமாங், மதியந்தான், மணி ஒண்ணாச்சு” என்று தமிழர் சொன்னதும் கரண்டி வாளிக்குத் திரும்பிப் போகிறது. சிரிப்பு வருவது சொல்லில் பாதி, அந்தக் கரண்டியில் பாதி.

‘பட்டி’யை மட்டும் விட்டுவிடுங்கள். பெயர் பட்டியில் முடிகிற ஊர்க்காரர்கள் கூட்டத்தில் கட்டாயம் இருப்பார்கள், மலையாளத்தில் அந்தச் சொல்லுக்கு நாய் என்று பொருள். இந்த ஜோக்கை அவர்கள் வாழ்நாளெல்லாம் கேட்டு அலுத்தவர்கள்.

மதிப்பெண்

‘ஜோக்கர்ஸ் வைல்ட்’டில் நடுவர் தன் விருப்பப்படி போட்டார். நம் ஊரில் அப்படி விட்டால் மேடைக்குக் கீழே வழக்கு நடக்கும். ஒரு சட்டகம் வைத்துக்கொண்டு, அதற்குள் நடுவருக்கு ஒரே ஒரு விருப்ப மதிப்பெண் கொடுப்பது நல்லது:

பறிகொடுக்காமல் முடித்தால் 2
பறித்துச் சரியான முடிவைச் சொன்னால் 3
பறித்து வேறு முடிவைச் சொல்லிச் சிரிக்க வைத்தால் 4
பறித்துச் சொதப்பினால் கழிவு 1, ஜோக் சொன்னவருக்கே திரும்பும்
மீட்டு முடித்தால் 2
நடுவர் மனம் குளிர்ந்தால் 1

வேறு முடிவுக்குச் சரியான முடிவைவிட அதிகம் கொடுப்பது வேண்டுமென்றேதான். மூன்று மட்டும் என்று வைத்தால் எல்லாரும் மனப்பாடம் ஒப்பிப்பார்கள். இன்னும் இரண்டு கட்டுப்பாடு தேவை. முதல் வாக்கியம் முடியும்வரை பஸ்ஸர் கிடையாது. ஒரு பாதிக்கு ஓர் அணி 5 தடவைக்கு மேல் அடிக்கக் கூடாது. இந்த இரண்டாவது விதி இல்லாமல் நடத்தினால், கால்மணி நேரத்துக்குள் எந்த ஜோக்கும் முழுசாக முடியாது. கூட்டம் கதை கேட்கும் ஆசையையே விட்டுவிடும், பிறகு பறிப்பதற்கும் சுவை இருக்காது.

சிரிப்பை மொபைல் ஆப்பில் டெசிபல் அளந்து மதிப்பெண் போடலாம் என்று ஒருவர் கட்டாயம் யோசனை சொல்வார். 1940களில் அமெரிக்க வானொலியில் ‘கேன் யூ டாப் திஸ்’ நிகழ்ச்சி சிரிப்பு மானி வைத்துத்தான் ஓடியது. அது மூடிய அரங்கம். நம்முடைய திறந்த மைதானத்தில் போனுக்குப் பக்கத்தில் இருக்கிற நாலு பேர் விசிலடித்தால் முடிந்தது கதை.

பஸ்ஸர் கட்டுவது

சத்தம் வேறு வேறான இரண்டு மேசை மணி வைத்தும் ஆடலாம். ஆனால் யார் முதலில் என்ற சண்டை வரும். முதலில் அடித்தவரைப் பிடித்து மற்றவரைப் பூட்டிவிடுகிற சுற்றுக்கு, எலெக்ட்ரானிக்ஸ் கடையில் கிடைக்கும் 12 வோல்ட் எட்டுக்கால் ரிலே இரண்டு போதும். ஒவ்வொன்றிலும் இரண்டு தொடுப்புத் தொகுதி இருக்க வேண்டும். கூடவே 12 வோல்ட் 1 ஆம்பியர் அடாப்டர், தட்டினால் மூடும் பொத்தான் 6, அமுக்கினால் திறக்கும் (என்.சி.) பொத்தான் 1, 12 வோல்ட் எல்இடி விளக்கு 2, ஒரு 12 வோல்ட் பஸ்ஸர், 1என்4007 டயோடு 4.

அடாப்டரின் பிளஸ் முதலில் நடுவர் கையிலுள்ள என்.சி. பொத்தான் வழியாகப் போகட்டும். அதுதான் ரீசெட். அங்கிருந்து இரண்டு ரிலேக்களின் இரண்டாம் தொகுதிப் பொதுக்காலுக்கும். முதல் ரிலேயின் அந்தத் தொகுதி என்.சி. கால் (ரிலே இழுத்ததும் திறப்பது), இரண்டாம் அணியின் மூன்று பொத்தான்களுக்கும் பிளஸ் கொடுக்கும். இரண்டாம் ரிலேயின் என்.சி. கால், முதல் அணிக்கு. இந்தக் குறுக்குத் தொடர்புதான் பூட்டு: முதல் ரிலே இழுத்ததும் இரண்டாம் அணிக்கு மின்சாரமே போகாது. ஓர் அணியின் மூன்று பொத்தான்களும் பக்க இணைப்பில் சேர்ந்து தங்கள் ரிலேயின் காயிலுக்குப் போகும், காயிலின் மறுமுனை மைனஸ். ரிலேயின் முதல் தொகுதியின் பொதுக்காலையும் என்.ஓ. காலையும் (ரிலே இழுத்ததும் மூடுவது) அதே பொத்தான்களுக்குக் குறுக்கே இணைத்தால், கை எடுத்த பிறகும் ரிலே பிடித்துக்கொண்டே இருக்கும். இரண்டாம் தொகுதியின் என்.ஓ. காலிலிருந்து அந்த அணியின் விளக்கு. இரண்டு விளக்கின் பிளஸ்ஸிலிருந்தும் தலைக்கொரு டயோடு வழியாக ஒரே பஸ்ஸருக்கு. இந்த டயோடு இல்லாவிட்டால் ஓர் அணி அடித்தாலும் இரண்டு விளக்கும் எரியும்.

மீதி இரண்டு டயோடு, காயில்களுக்குக் குறுக்கே. வெள்ளைக் கோடு பிளஸ் பக்கம். தலைகீழாகப் போட்டால் பொத்தானை அமுக்கியதும் அடாப்டர் ஷார்ட் ஆகும். ரிலே காலிங் பெல் மாதிரி நடுங்கினால், ஓர் அணியின் பொத்தானுக்கு அதே அணியின் என்.சி. காலிலிருந்து பிளஸ் கொடுத்திருக்கிறீர்கள், மாற்றுங்கள். கை எடுத்ததும் விளக்கு அணைந்தால் முதல் தொகுதி இணைப்பு விட்டுப்போயிருக்கும்.

இப்படிக் கட்டினால் ரீசெட் அடிக்கும்வரை பஸ்ஸர் கத்திக்கொண்டே இருக்கும், பறித்தவரின் முடிவு சத்தத்தில் மூழ்கிவிடும். அதனால் பஸ்ஸரின் பிளஸ்ஸில் 1000 மைக்ரோஃபாரட், 25 வோல்ட் கப்பாசிட்டர் ஒன்றைத் தொடராகப் போடுங்கள். பிளஸ் முனை டயோடு பக்கம், கப்பாசிட்டருக்குக் குறுக்கே ஒரு 10 கிலோஓம் ரெசிஸ்டர். சார்ஜ் ஏறும் சிறிது நேரம் மட்டும் ‘பீப்’ என்று அடித்து ஓயும். விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். ரெசிஸ்டரை விட்டுவிட்டால் முதல் தடவை மட்டும் சத்தம் வரும், அப்புறம் வராது.

மைதானமும் நேரமும்

ஓர் அட்டைக்கு ஜோக், பறிப்பு, மீட்பு, நடுவர் எல்லாம் சேர்த்து சராசரி 80 நொடி வைத்தால் 24 அட்டைக்கு 32 நிமிடம். கடைசிச் சுற்றோடு 40. அதற்கு மேல் இழுக்காதீர்கள். அந்த டிவி நிகழ்ச்சியே விளம்பரத்தோடு அரை மணி நேரம்தான்.

மைக் ஆளுக்கொன்று இருந்தால் நல்லது. இல்லையென்றால் நடுவருக்கு 1, அணிக்கு 2. நடுவில் இருப்பவர் இருபுறமும் பகிர்ந்துகொள்ளலாம், அதனால் கேட்பவரை நடுவில் உட்கார வையுங்கள். பஸ்ஸர் அடித்துவிட்டு மைக்குக்காகக் கை நீட்டினால் அந்த அரை நொடியில் முடிவு செத்துவிடும். மேசை ஸ்டாண்டில் நிரந்தரமாக நிற்கட்டும். பொத்தான் வயரை மைக் வயரோடு சேர்த்துக் கட்டாதீர்கள், ரிலே இழுக்கும்போது ஸ்பீக்கரில் ‘டொக்’ கேட்கும்.

நாற்காலிகளை நெருக்கிப் போடுங்கள். முதல் வரிசை மேடையிலிருந்து 3 மீட்டருக்குள். விஐபி சோபாவுக்கென்று முன்னால் காலி இடம் விடும் பழக்கம் சிரிப்பின் எதிரி. பக்கத்து ஆள் குலுங்குவது தோளில் பட்டால்தான் சிரிப்பு பரவும். திறந்த மைதானத்தில் பின்பக்கமும் பக்கவாட்டிலும் சாமியானாத் துணி கட்டினால் சத்தம் கொஞ்சமாவது தங்கும்.

ஒலிபெருக்கிக்கு எழுத்தில் அனுமதி வாங்கியிருக்க வேண்டும், இரவு 10 மணிக்கு மேல் திறந்த வெளியில் ஓடக் கூடாது. எனவே பரிசளிப்பையும் நன்றியுரையையும் ஆட்டத்துக்கு முன்னால் முடித்துவிடுங்கள். பின்னால் வைத்தால் கூட்டம் இருக்காது. நடுவில் வைத்தால் சூடு ஆறிவிடும்.

கடைசிச் சுற்றில் அட்டை கிடையாது. நடுவரே ஒரு ஜோக்கைத் தொடங்கி, முடிவுக்கு முன் நிறுத்திவிடுவார். ஆறு பேரில் யார் வேண்டுமானாலும் அடித்து முடிக்கலாம். மூன்று ஜோக் போதும், ஒவ்வொன்றுக்கும் 5 மதிப்பெண். சமநிலை வந்தால் நாலாவது ஒன்றைத் தொடங்கி, முடிவைக் கூட்டத்திடம் கேளுங்கள். மூன்றாவது வரிசையில் அந்த ஆள் அதுவரை வாயைக் கட்டிக்கொண்டு காத்திருப்பார். அவர் சொல்கிற முடிவை எந்த அணி முதலில் இன்னொரு முடிவால் மிஞ்சுகிறதோ அதற்கு வெற்றி.

முடிந்ததும் அட்டைகளைக் கலைத்துப் போடாதீர்கள். வெளியே வந்த 24 அட்டையின் பின்புறமும் ஊர், தேதி, யார் சொன்னார், எந்த ஜோக் என்று ஒரு வரி எழுதி ரப்பர் பேண்ட் போட்டு வையுங்கள். வேலந்தாவளத்தில் பார்த்த கூட்டத்தில் பாதி அடுத்த வாரம் கொழிஞ்சாம்பாறையிலும் வந்து உட்காரும். அப்போது அதே தலைப்பு வரலாம், அதே ஜோக்கும் வரலாம். ஆனால் போன வாரம் அதைச் சொன்னவருக்கு அந்த அட்டை போகக் கூடாது, பறிகொடுத்தவருக்கும் போகக் கூடாது. பறித்தவரிடம் கொடுங்கள். இந்தத் தடவை எதிரணி ஆறு கையோடு காத்திருக்கும்.